கண்ணிலிருந்து கடலுக்கு ஒரு பச்சை நரம்பு

ஈச்சமுனை யாகப்பன் கண்ணில் தூண்டில் முள் ஏறியது ஐப்பசி மாதத்தில், நடுப்பார் என்கிற கடலடிப் பாறைக்கு மேலே, நல்ல வெயில் நேரத்தில். இருட்டில் நடந்தது, மப்பும் மந்தாரமுமாக இருந்தது என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். இல்லை. கடலும் வானமும் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிக் கிடந்தன. கூட இருந்த ரோச்சு பார்த்திருக்கிறான்.

முள் ஏறுவது அந்தக் கரையில் ஒரு சேதியே இல்லை. விரலில் ஏறும், காதில் ஏறும், உதட்டில் ஏறும், ஒருத்தனுக்கு மூக்கில் ஏறி அவன் அப்படியே போய்க் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தான். நுனியில் எதிர்ப்பக்கமாகச் சீவியிருக்கிற கூர் இருக்கிறதே, அது வந்த வழியே திரும்பாது. அதனால் முள்ளை இன்னும் முன்னால் தள்ளி, தோலுக்கு வெளியே கூரை எடுத்து, நறுக்கிவிட்டு, பிறகு பின்னால் உருவுவார்கள். கடிக்க ஒரு துண்டுத் துணி கொடுப்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம். கண்ணில் ஏறினால் மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

அன்றைக்கு யாகப்பனின் தூண்டில் நரம்பு பாரில் மாட்டிக்கொண்டது. அடியில் பாறை, பாறையில் பொந்து, பொந்தில் முள். ஐம்பத்தெட்டு வயதில் அவன் எத்தனையோ தடவை இழுத்துப் பிடுங்கியவன்தான். இடுப்பைச் சாய்த்து இழுத்தான். நரம்பு சட்டென்று விட்டது. மேலே வந்ததைப் பார்த்தால் நுனியில் முள் இல்லை, வெறும் நரம்பு. சனியன் என்று சொல்லிக்கொண்டே குனிந்து தண்ணீரைப் பார்த்தான். அப்போது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு முள் எழும்பி வந்தது. மீன் துள்ளுகிற மாதிரி வந்தது. வலது கண்ணின் மேல்மடலைத் துளைத்து, கருவிழியைத் தொடாமல் வெள்ளைவிழியில் இறங்கி நின்றது. போன முள் அவனுடையது. வந்த முள் அவனுடையது இல்லை. வந்ததன் பின்னாலே ஒரு பச்சை நரம்பு தொங்கியது, தொங்கியது கடலுக்குள் போயிற்று, போனதற்கு முடிவு தெரியவில்லை.

"அசையாத அண்ணே," என்றான் ரோச்சு. அவன் சித்தப்பா மகன், பயந்தாங்கொள்ளி, ஆனால் கை நிதானமானவன். முதலில் நரம்பை அறுக்கப் பார்த்தான். கத்தி மழுங்கியது. இன்னொரு கத்தி எடுத்தான், அதுவும் மழுங்கியது. பல்லால் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினான். சரி என்று, டீ குடிக்கிற எவர்சில்வர் டம்ளரைக் கண்ணுக்கு மேலே கவிழ்த்து, விளிம்பு எலும்பில் உட்காரும்படி வைத்து, துண்டால் தலையைச் சுற்றிக் கட்டினான். டம்ளருக்குக் கீழே ஒரு இடுக்கு வழியாகப் பச்சை நரம்பு வெளியே வந்து, படகின் விளிம்பைத் தாண்டி, தண்ணீருக்குள் இறங்கியது.

"வலிக்கா?"

"பேசாம ஓட்டுலே."

வலி இருந்தது. ஆனால் யாகப்பன் பேச்சை வெட்டியது வலியால் இல்லை. அந்தப் பச்சை நிற நரம்பை ஈச்சமுனையில் ஒரே ஒருத்தன்தான் வைத்திருந்தான். மற்ற எல்லோரிடமும் வெள்ளை. அந்த ஒருத்தன் இன்னாசி, யாகப்பனின் தங்கச்சி கித்தேரியின் புருஷன், பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே நடுப்பாரில் சங்கு குளிக்க இறங்கி மேலே வராதவன். இறங்கும்போதெல்லாம் பாறைப் பொந்தில் கலவா மீன் பட்டால் பிடிக்கலாமென்று இடுப்பில் ஒரு சுருள் பச்சை நரம்பும் ஒரு முள்ளும் சொருகியிருப்பான். சிரித்த முகம். தின்னிப்பண்டாரம்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மேலே படகில் கயிற்றைப் பிடிக்கிறவன் அவன் மச்சானாகத்தான் இருக்கவேண்டும், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது, கூட்டாளி பிடிக்கக்கூடாது, பெற்ற தகப்பனும் கூடாது. சொந்தத் தங்கச்சி தாலியறுக்க எவனும் கயிறு விடமாட்டான் என்று அந்தக் காலத்தில் யோசித்து வைத்தார்கள். இறங்குகிறவன் இடுப்பில் வளையம் போட்டு முடிச்சுப் போடுவதும் மச்சான்தான், ஏறி வந்தபிறகு அந்த முடிச்சை அவிழ்ப்பதும் மச்சான்தான். பிடிக்கிறவன் தன்பக்கத்து நுனியையும் தன் இடுப்பில் கட்டிக்கொள்வான். கீழேயிருந்து நீளமாக ஒரு இழுப்பு வந்தால், கயிறு விடு என்று அர்த்தம். வெட்டி வெட்டி இரண்டு சொடுக்கு வந்தால், போதும், மேலே வந்துவிட்டேன் என்று அர்த்தம். அந்த இரண்டு சொடுக்கு வரும்வரை பிடித்தவன் விடக்கூடாது.

அன்றைக்கு யாகப்பன் விடவில்லை. பொழுது சாயும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். சொடுக்கு வரவில்லை. மற்றவர்கள் சேர்ந்து கயிற்றை இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது. அறுந்த நுனி இல்லை, தேய்ந்த நுனி இல்லை; அவன் போட்ட வளையம் இருந்த தடமே இல்லை. யாகப்பன் போட்ட முடிச்சு சரியில்லை என்று ஊர் பேசியது. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப்பிறகு அவனிடம் ஒருவரும் கயிறு கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை, தூண்டிலுக்கு மாறிவிட்டான். கித்தேரி மட்டும் ஒன்றும் பேசவில்லை, கேட்கவும் இல்லை. தாலியைக் கழற்றவில்லை. பெண்டாட்டியைப் பறிகொடுத்துத் தனியாகக் கிடந்த அண்ணனுக்குத் தினமும் மத்தியானம் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து படியில் நங்கென்று வைத்துவிட்டுப் போவாள். பதினோரு வருஷமாக அந்த நங்கென்ற சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கு விளங்கவில்லை.

கரைக்கு வந்தார்கள். நரம்பும் வந்தது. நடந்தால் அதுவும் நீண்டது, நின்றால் நின்றது. ரோச்சு அவனைப் பஸ்ஸில் ஏற்றினான். நரம்பு ஜன்னல் வழியாக வெளியே போனது.

"பெரியவரே, ஜன்னலோரமா உக்காரும்," என்றார் கண்டக்டர். பின்சீட்டுக்காரர்களைப் பார்த்து, "ஏய், யாரும் கண்ணாடியை இறக்கிராதிய," என்றார். கொஞ்சம் யோசித்து, "இதுக்கு லக்கேஜ் போடணுமோ?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர், நீளத்தை அளந்தால் போடலாம் என்றார். விட்டுவிட்டார்கள்.

டவுன் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் செண்பகம் குள்ளமான பெண்பிள்ளை, வெடுக் வெடுக்கென்று பேசுவாள். டம்ளரை எடுத்துவிட்டு வெளிச்சம் அடித்துப் பார்த்தாள்.

"யாராவது இழுத்தீங்களா?"

"இல்ல."

"தேச்சீங்களா, தண்ணி ஊத்துனீங்களா, தாய்ப்பால் விட்டீங்களா?"

"ஒண்ணும் செய்யல. டம்ளரு வச்சோம்," என்றான் ரோச்சு.

"நல்ல காரியம். கருவிழி தப்பிச்சிருக்கு. இன்னைக்கே எடுத்துட்டா பார்வை நிக்கும்."

யாகப்பன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அந்த நரம்பை என்ன செய்விய?"

"அதையா? முள்ளோட சேத்துக் குப்பைக்குத்தான்."

அவன் எழுந்து நடந்தான். டாக்டர் கேட் வரைக்கும் பின்னாலே வந்தாள். கை நிறைய மருந்தைத் திணித்தாள், தோளில் ஒரு ஊசி குத்தினாள். "இந்தாங்க, முட்டாள்தனம் பண்றீங்க. அடிபட்ட கண்ணு உள்ள புகைஞ்சுக்கிட்டே இருந்தா நல்ல கண்ணும் கூடவே போயிரும். நல்ல கண்ணு எப்ப மங்குதோ அன்னைக்கே ஓடி வரணும். கேக்குதா?" கேட்டது. பஸ் ஏறினான். நரம்பு சுருண்டு கூடவே வந்தது.

ஏன் முள்ளை எடுக்கவில்லை என்று ஊர் கேட்டது. அவன் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது. டம்ளருக்கடியில், வலிக்கு அடியில், அவன் ஒன்றை உணர்ந்துகொண்டிருந்தான். நரம்பில் ஒரு லேசான பாரம். ஒரு பக்கம் சாயும், கொஞ்சம் நிற்கும், மறுபடி சாயும். இருபது வருஷம் கயிறு பிடித்த கைக்கு அது தெரியும். சங்கு குளிக்கிறவன் தரையில் நடந்து தேடும்போது கயிறு அப்படித்தான் இருக்கும். இன்னாசி நடக்கிறான். இன்னும் இரண்டு சொடுக்கு வரவில்லை. ஒரு தடவை விட்டவன் என்று பெயர் வாங்கியாயிற்று. இரண்டாம் தடவை விடுவதாக இல்லை.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை. கடலில் தொடங்கி, மணலில் கிடந்து, ஏலக்கூடத்தின் தூணைச் சுற்றி, கோவில் மதிலை ஒட்டி, மீன் காயப்போடுகிற இடத்தைக் குறுக்கே கடந்து, யாகப்பன் வீட்டு வாசல் வழியாக அவன் கட்டில்வரை அந்தப் பச்சை நரம்பு போயிற்று. படகு தள்ளுகிறவர்கள் அதைத் தோளால் தூக்கிவிட்டுக் கீழே புகுந்து போனார்கள், ஆடுகள் தாண்டப் பழகின, காக்கைகள் உட்காரப் பழகின, சப்பரம் வந்த அன்று இரண்டு பேர் கவட்டைக் கம்பு வைத்து நரம்பை உயர்த்திப் பிடிக்க மாதா அதற்கடியில் குனியாமல் போனாள். சாமியார் பூசையில், யாரும் அதில் துணி காயப்போடக் கூடாது, அது ஒரு மனுஷன் கண் என்று மட்டும் சொன்னார். வேறு விளக்கம் சொல்லவில்லை. நல்ல சாமியார்.

முதலில் வந்தவள் வியாகுலம். மகனைக் கடலுக்குக் கொடுத்தவள். கோவில் மதிலோரம் நரம்புக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு, தொடாமல், வாயைக் கிட்டே கொண்டுபோய், "ஏல தார்சீஸ், தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்திருக்கு, உன் மூக்குதான்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் அந்த ஊரில் கடலுக்கு ஆள் கொடுக்காத வீடு எது. எல்லோரும் வந்தார்கள். வீட்டுக்கு ஓடு மாற்றியதைச் சொன்னார்கள், மருமகள் சண்டையைச் சொன்னார்கள், பெரியவன் கப்பலுக்குப் போனதைச் சொன்னார்கள், ஒருத்தி தினமும் வந்து அன்றைக்கு என்ன குழம்பு என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் பேசப் பேச யாகப்பன் கண்ணில் நரம்பு மெல்ல அதிரும். அவன் கட்டிலில் கிடந்து எல்லார் குடும்பக் கதையையும் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கித்தேரி மட்டும் வரவில்லை. மற்றவர்கள் ஜாடையாகச் சொன்னார்கள், புருஷன் நரம்பு அதுதான் என்று தெரிந்தும் கல் மாதிரி இருக்கிறாளே என்று. அவள் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு நரம்பைத் தாண்டிப் போனாள், விற்றுவிட்டுத் தாண்டி வந்தாள். சோற்றுச் சட்டி மட்டும் மத்தியானம் நங்கென்று விழுந்தது.

இப்படியே பனி போயிற்று. மாசி பிறந்தது. ஒரு காலையில் யாகப்பன் கோவில் கோபுரத்தைப் பார்த்தான், உச்சியில் சிலுவை இல்லை. காற்றில் விழுந்துவிட்டதா என்று நினைத்தான். மத்தியானம் பார்த்தபோது கோபுரமே பால் ஊற்றிய மாதிரிக் கலங்கலாக இருந்தது. ஓ, என்றான். யாரிடமும் சொல்லவில்லை. இடதுகண்ணைக் கழுவினான். ரோச்சு வந்து, முகத்துக்கு நேரே எத்தனை விரல் என்று விளையாட்டாகக் கேட்டபோது, போலே அங்கிட்டு என்றான்.

கித்தேரி அன்றைக்குச் சட்டியை வைத்துவிட்டு உடனே போகவில்லை. செருப்பு வாரில் எதுவோ குத்தியதென்று குனிந்து நின்றாள். யாகப்பன் சோற்றைத் தட்டில் போட்டான். குழம்பை எடுத்தான். தட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் ஊற்றினான். ஊற்றிவிட்டுப் பிசைய ஆரம்பித்தான், வெறுஞ்சோற்றை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். பதினோரு வருஷத்தில் முதல்முறை.

"எத்தனை நாளாச்சு?"

"என்னது?"

"எத்தனை நாளாக் கண்ணு தெரியல?"

"தெரியுதே. நீ மஞ்சச் சேலை கட்டியிருக்க."

"பச்சை." உட்கார்ந்தாள். தரையில் கிடந்த குழம்பைத் துணியால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே பேசினாள். "கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"விடமாட்டேன் தங்கச்சி."

"யாரை?"

"இன்னாசியை. அவன் நடக்கான். எனக்குத் தெரியுது. சொடுக்கு வரட்டும், அப்பம் பாப்போம். கயிறு பிடிச்சவன் விடக்கூடாது."

கித்தேரி துடைப்பதை நிறுத்தினாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள், அதன் கீழே வருகிற நரம்பைப் பார்த்தாள். அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தாள். கோபத்தில் வருகிற சிரிப்பு.

"கயிறு பிடிச்சவனா? நீயா?"

"பின்ன?"

"இருபது வருசம் பிடிச்சியே, ஒண்ணு கேக்கேன். பிடிக்கிறவன் கயிறை எங்க வச்சிருப்பான்?"

"கையில. நுனியை இடுப்புல."

"கீழ முங்குறவனுக்கு?"

"உடம்போட கட்டியிருக்கும். அவன் கழத்த முடியாது."

"ஒன் கையில என்ன இருக்கு?"

அவன் கைகளைப் பார்த்தான். சோறு இருந்தது.

"முள்ளு ஒன் கண்ணுல ஏறி நிக்கி. நீ கழத்த முடியல. நரம்பு எங்கிருந்து வந்துச்சு? அங்கிருந்து இங்க வந்துச்சு. அப்ப யாருண்ணே பிடிச்சிருக்கா? யாரு முங்கியிருக்கா?" அவள் குரல் இறங்கிவிட்டது. "அவுக நடக்கல. சாஞ்சு சாஞ்சு நின்னு கயிறு பிடிக்காக. நீதான் கீழ கெடக்க. பதினோரு வருசமாக் கெடக்க. ஒனக்கு அவுக மச்சான்னா அவுகளுக்கு நீயும் மச்சான்தான. ரெண்டு சொடுக்கு வராம அவுக எப்படி விடுவாக?"

சோறு யாகப்பன் கையிலேயே காய்ந்தது. தெருவில் யாரோ ஒருத்தி நரம்பருகே உட்கார்ந்து கடைக்குட்டி பாஸாகிவிட்டதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அவன் கண்ணில் லேசாக அதிர்ந்தது.

"நீ ஏன் ஒருநாளும் கேக்கல? முடிச்சைப் பத்தி."

"கேட்டா நீ செத்துப்போவ. எனக்கு இருக்கது நீ ஒருத்தன்." எழுந்தாள். "சட்டையைப் போடு. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

டாக்டர் செண்பகம் திட்டினாள். திட்டிக்கொண்டே சொட்டு மருந்து விட்டாள், திட்டிக்கொண்டே ரத்தம் எடுத்தாள். இடதுகண்ணைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பார்வை இருக்கிறது, முள்ளை எடுத்து மருந்து கொடுத்தால் திரும்பலாம், நாளைக்குக் காலையில் என்றாள். பிறகு நரம்பைப் பார்த்தாள். இழுப்பு உண்டா என்று கேட்டாள். எப்போதாவது உண்டு என்றான். கத்தி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு இழுப்பு வந்தால் விழி கிழிந்துவிடும், அதை யாராவது தளர்வாகப் பிடித்து இழுப்பைத் தன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றாள். வார்டு பையன் இருக்கிறான், திடகாத்திரமானவன் என்றாள்.

"நான் பிடிப்பேன்," என்றாள் கித்தேரி.

"நீங்க மயங்கி விழுந்தா?"

"எங்க அண்ணனாக்கும் டாக்டரம்மா. பிடிக்கிறவ அவன் தங்கச்சி, அந்தப் பக்கம் பிடிக்கவுக என் புருசன். நடுவுல வேற யாரு வரதுக்கு இருக்கு?"

டாக்டருக்குப் புரிந்ததோ இல்லையோ, சரி, போய்க் கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்க என்றாள்.

அப்படித்தான் அறுவை அறையில் ஜன்னல் ஒரு விரற்கடை திறந்து வைக்கப்பட்டது. நர்ஸ் முணுமுணுத்துக்கொண்டே நரம்பை ஆறடி தூரத்துக்கு மருந்துத் துணியால் துடைத்தாள். பச்சை அங்கி, பச்சைத் தொப்பி, வாய்க்கு ஒரு துணி எல்லாம் கட்டி, மீன்வாடை போகாத கையில் உறை மாட்டி, கித்தேரி தலைமாட்டில் நின்று நரம்பைப் பிடித்தாள். ஊசி போட்டு மரத்துப்போன கண்ணோடு யாகப்பன் மல்லாக்கக் கிடந்தான். ஒன்றும் தெரியவில்லை. தங்கச்சியின் மூச்சு மட்டும் கேட்டது.

"முள்ளை நான் இழுக்க மாட்டேன்," என்றாள் டாக்டர், யாருக்கென்று இல்லாமல். "வந்த வாசலைக் கொஞ்சம் பெருசாக்கி விடுவேன். அதுவா வரும்."

வேலை நடந்தது. பாதியில் கித்தேரி மெல்ல, "வருது," என்றாள். டாக்டர் இரண்டு கையையும் தூக்கிவிட்டாள். ஜன்னலில் நரம்பு விறைத்தது. கித்தேரியின் முழங்கை முன்னால் போனது, தோள் போனது, அவள் கட்டில் காலில் ஒரு காலை உதைத்து நின்று அந்த இழுப்பு முழுவதையும் தன் உடம்பில் வாங்கினாள். அண்ணன் கண்ணுக்கு அருகில் இருந்த அரைச்சாண் நரம்பு ஆடக்கூட இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து, அடுப்படியிலிருந்து கூப்பிடுகிற குரலில், "பொறுங்க. வந்துக்கிட்டிருக்கான். பொறுக்க மாட்டியளா?" என்றாள். நரம்பு தளர்ந்தது. நர்ஸ் ஜன்னலை எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சுவரும் வேப்பமரமும் இருந்தன.

"ம்," என்றாள் டாக்டர். தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தட்டில் க்ளிங் என்று ஒரு சத்தம் கேட்டது. முள் வெளியே.

கித்தேரி தட்டிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டாள். நரம்பை அண்ணன் கையில் கொடுத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"நீதான் சொல்லணும். முங்குனவன்தான் சொல்லணும்."

யாகப்பன் ஒன்றும் தெரியாத இருட்டில் அந்த நரம்பைப் பிடித்திருந்தான். இருபது வருஷம் அவன் வாங்கியதெல்லாம் சொடுக்கு, கொடுத்ததில்லை. வெட்டி வெட்டி இரண்டு தடவை இழுத்தான்.

அங்கே ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நரம்பிலிருந்த அந்தப் பாரம், ஐப்பசியிலிருந்து கண்ணில் இருந்த பாரம், அதற்கு முன்னால் பதினோரு வருஷம் எங்கே இருந்தது என்று அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது, அது போய்விட்டது.

"தையல் போடணும்," என்றாள் டாக்டர். அவள் மூக்கை உறிஞ்சியது முகத்துணிக்குள் கேட்டது. "இந்தாங்க, தையல் ஆறும்வரைக்கும் அழக்கூடாது. தையல் பிரிஞ்சா நான் திட்டுவேன்."

நரம்பைச் சுருட்டி எடுக்கவேண்டியிருந்தது. கித்தேரி ஜன்னலில் தொடங்கினாள். சேதி எப்படியோ முந்திப் போயிருந்தது. பஸ் போகிற பாதையில் ஊருக்கு ஊர் ஆட்கள் நின்று சுருட்டிக் கொடுத்தார்கள், டீக்கடைக்காரர் ஒரு சுருள், பஞ்சர் கடைக்காரர் ஒரு சுருள், உப்பளத்து வேலைக்காரிகள் ஒரு பெரிய சுருள், கண்டக்டர் ஏற்றிக்கொண்ட சுருள்களால் பஸ்ஸில் உட்கார இடமில்லை, லக்கேஜ் பற்றி அவர் பேசவில்லை. ஈச்சமுனைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்கக் கரையில் நின்றது. வியாகுலம் முன்னால் நின்றாள். அவர்கள் முகங்களைப் பார்க்க யாகப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. அவர்கள் பேசுவதற்கென்று இருந்த ஒன்றை அவன் சுருட்டிக் கொண்டுவந்திருக்கிறான். ஆனால் வியாகுலம் நரம்பைக் கையில் வாங்கினாள். முதல்முறையாகத் தொட்டாள். "இழுங்கட்டி, பாத்துக்கிட்டு நிக்கிய," என்றாள்.

இழுத்தார்கள். பெண்கள் இழுத்தார்கள், ஆண்கள் சுருட்டினார்கள். நரம்பு லேசாக வந்தது, லேசாக வந்துகொண்டே இருந்தது, கடைசியில் அலை மடிகிற இடத்தில் அதன் நுனி தெரிந்தது.

நுனியில் ஒரு கயிற்று வளையம் இருந்தது. பழைய இடுப்புக் கயிறு. வெட்டுப்படாமல், தேயாமல், தன்னையே தான் பிடித்துக்கொண்டு ஒரு வளையம். ரோச்சு அதை எடுத்துக்கொண்டுவந்து யாகப்பன் மடியில் வைத்தான்.

அவன் இடதுகண்ணால் பார்த்தான், கலங்கலாகத் தெரிந்தது. விரலால் பார்த்தான். அவனுக்கு இடதுகைப் பழக்கம். ஊரில் எல்லார் முடிச்சும் ஒரு பக்கம் முறுக்கினால் அவன் முடிச்சு மறுபக்கம் முறுக்கும். விரல் அந்த முறுக்கைத் தொட்டது. ஒருதடவை சுற்றி வந்தது. இன்னொரு தடவை சுற்றி வந்தது.

"அவிழல," என்றான்.

முடிச்சைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். ஏலக்கூடத்துக்காரர் ஒருவர் மணலைப் பார்த்தார்.

கித்தேரி வந்து அந்த வளையத்தை வாங்கினாள். இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தாள். தன் இடுப்புக்கு நேரே வைத்துப் பார்த்தாள், தள்ளிப் பிடித்துப் பார்த்தாள், ஒரு ஆளை அணைத்தால் கை எவ்வளவு வளையுமோ அவ்வளவு வளைத்துப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள். மறுபடியும் வளைத்தாள். கை எட்டவில்லை.

"அண்ணே, நீ போட்டப்ப இம்புட்டுப் பெருசாவா போட்ட?"

"இல்லையே. இறுக்கித்தான் போட்டேன்."

"அப்ப சதை போட்டிருக்காக," என்றாள்.

தினமும் குழம்பு சொல்ல வருகிறவள் முதலில் சிரித்தாள். அப்புறம் வியாகுலம். அப்புறம் யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று பிரிக்க முடியவில்லை.

முடிச்சை யாகப்பன்தான் அவிழ்க்க வேண்டும், போட்டவன் அவன். உப்பு ஏறி இறுகிப்போயிருந்தது. நகத்தால் முயன்றான், பல்லால் முயன்றான். ஊர் காத்துக்கொண்டு நின்றது. கித்தேரி வீட்டுக்குப் போய்ச் சுக்குக்காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். சங்கு குளித்து ஏறியவனுக்குக் கயிறு அவிழ்த்ததும் கொடுப்பது அது. கயிறு அவிழ்ந்தது. வெறும் கயிறாக அவன் மடியில் கிடந்தது. அவள் அவன் கையில் டம்ளரை வைத்தாள். அதே டம்ளர்தான், கண்ணில் கவிழ்த்திருந்தது.

"டாக்டரம்மா அழக்கூடாதுன்னாக," என்றாள்.

"அழல. காப்பி சூடு."

"இன்னும் வாயிலயே வைக்கலியே."

"போடி," என்றான். குடித்தான்.

அந்தப் பச்சை நரம்பு அன்றைக்கே சாதாரண நரம்பாகிவிட்டது, எந்தக் கத்திக்கும் அறுபட்டது. வீட்டுக்குப் பத்து முழம், கேட்டவர்களுக்கு இருபது முழம் என்று கித்தேரி அறுத்துக் கொடுத்தாள். ஈச்சமுனையில் இப்போதும் வாசல் வேலிகளில் அதைக் கட்டியிருக்கிறார்கள். துணி காயப்போடுகிறார்கள். அதில் துணியை உதறிப் போடும்போது பெண்கள் கொஞ்சம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே போடுவதைப் பார்க்கலாம். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால், ஒன்றுமில்லை, இன்றைக்கு என்ன குழம்பு என்றுதான் என்பார்கள்.